அம்மா படுத்த துணி

ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

இந்தப் பார்சலைப் பார்த்ததும் "என்னத்த அனுப்பியிருக்கா, மெத்தையா மிதியடியா?" என்று நீ கேட்கப்போவது இங்கேயே என் காதில் விழுகிறது. மிதியடி இல்லை. என் மூன்று வருட ஆராய்ச்சி. மரியாதையாகப் பிரி, கத்தரிக்கோலைக் கண்டபடி ஓட்டாதே.

மேலே ஒரு பின்னல், கீழே ஒரு பின்னல், நடுவில் தூண்டில் நரம்பு மாதிரி நைலான் இழைகள் நெருக்கமாக நிற்கின்றன. படுப்பவரின் எடையை அந்த இழைகள் தாங்கிக்கொள்ளும். இடையில் காற்று போய்வரும், வியர்வை தங்காது. எழுந்திருக்க முடியாதவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்கத்தான் இதை நெய்தேன். சரி, சரி, பின்னினேன். "பின்னுறத நெய்யுறதுன்னு சொல்றவளுக்கு எவன் பட்டம் குடுத்தான்?" என்று ஆரம்பித்துவிடாதே.

இங்கே இரும்பு எடைகளை ஏற்றி வாரக்கணக்கில் அழுத்திப் பார்த்தாகிவிட்டது. இரும்புக்கு வலிக்காது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுக்க விரித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அம்மா படுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை. வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. போனில் நீ கத்த, அவள் வேறெதையோ கேட்டுத் தலையாட்ட, அது சரிப்படாது.

அவளுக்குத் தலை வாரிவிடுவது நீ, சோறு ஊட்டுவது நீ. நான் இங்கே துணிக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். சில நாள் உன்மேல் அப்படிப் பொறாமையாக வருகிறது, போ.

உன்
வாலு


பிப்ரவரி 6

என் வாலுக்கு,

பார்சல் வந்து நாளாகிவிட்டது. உடனே எழுத முடியவில்லை என்று கோபிக்காதே. காலையில் மில்லின் பரிசோதனை அறையில் சாயம் போகிறதா என்று துணியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன். மத்தியானம் வந்து அம்மாவைப் பார்க்கிறேன். மேசையில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற பிழைப்பு எனக்கு இப்போது இல்லை.

பல்கலைக்கழகப் பத்திரிகையில் வந்த உன் படத்தை அம்மா கேட்டாள் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டும் நீயும். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறாய். அந்தக் கோட்டு எனக்கும் ஒன்று இருந்தது. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் போட்டேன். அது இருக்கட்டும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நீ மனசைத் தேற்றிக்கொள். விரித்தேன். அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. "உறுத்துது, எடுத்துடு" என்றாள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பழைய பருத்தி விரிப்பையே போட்டுவிட்டேன். உன் துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பார்சலில் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பின்னால் வந்துசேரும்.

நீ கெட்டிக்காரி. இன்னொன்று செய்வாய். வேளைக்குச் சாப்பிடு. படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்து ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பேராசிரியர் வந்து, "வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்று பதறிவிட்டார். ஆமாம், என் துணி அம்மாவுக்கு உறுத்துகிறதாம் என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் அம்மா வேண்டாம் என்றதை ஊரான் அம்மாவுக்கு எப்படி விரிப்பது? நடு இழையை இன்னும் மெல்லியதாக மாற்றிப் பின்னத் தொடங்கியிருக்கிறேன். மெல்லியதாக்கினால் எடை தாங்குமா என்பது பெரிய தலைவலி. தாங்காமல் அமுங்கினால் காற்றும் போகாது, துணி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. எடுத்துடு என்று சொல்வதற்கு முன்னால், "இது சின்னவ செஞ்சதா?" என்று ஒரு தடவையாவது கேட்டாளா? அதை நீ எழுதவில்லை. உன் கடிதத்தில் அம்மா பேசுவது ரெண்டே வார்த்தை. நம் அம்மா ரெண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா?

பார்சல் இன்னும் வரவில்லை.

வாலு


பிப்ரவரி 27

அக்கா,

பார்சல் வந்துவிட்டது.

துணியை மேசையில் விரித்தேன். எங்கே உறுத்தியிருக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் ஓரத்திலிருந்து தடிமனை அளந்துகொண்டே வந்தேன். நடுவில் வந்ததும் அளக்கும் கருவியின் முள் இறங்கியது. பக்கத்தில் வைத்தேன், இன்னும் இறங்கியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை எடுத்து அளந்தேன். அதுவும் அதையே சொன்னது. பிறகு அமுங்கிய இடத்தை எல்லாம் சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்தேன். தோள் வந்தது. இடுப்பு வந்தது. கீழே சின்னதாகக் குதிகால் வந்தது. இடது பக்கம் ஒருக்களித்து, காலைக் கொஞ்சம் மடக்கி, அம்மா படுத்திருந்தாள்.

மயிரிழை அளவுதான், ஆனாலும் இரண்டு நாளில் விழுகிற பள்ளம் இல்லை அது. எடை வைத்து அழுத்தியபோது இவ்வளவு பள்ளம் விழ இங்கே மூன்று வாரம் பிடித்தது. துவைத்தால் போய்விடும் என்று நினைத்தாயா? பருத்தியையே தொட்டுப் பழகிய கை உனக்கு. தண்ணீர் பட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பிவிட்டாய். நைலான் அப்படி இல்லை அக்கா. படுத்தவரை மறக்காது.

உறுத்தியிருந்தால் அம்மா உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இடம் மாறிப் படுத்திருப்பாள், பள்ளம் கலைந்திருக்கும். இது கலையவே இல்லை. அசையாமல் தூங்கியிருக்கிறாள். என் துணியில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள், அதை எனக்குச் சொல்லவேண்டாம் என்று நீ முடிவு செய்திருக்கிறாய். நான் முட்டாள் மாதிரி இழையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்டு முழுக்கக் கிழவிகள் காத்திருக்கிறார்கள்.

ஏன் அக்கா? பெற்றவளே உன் பக்கத்தில் இருக்கிறாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரு நல்ல வார்த்தையை எனக்குத் தந்தால் உனக்கு என்ன குறைந்துபோகும்?

அந்த இடுப்புப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். உன்மேல் கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வாலு


மார்ச் 7

வாலுக்கு,

ஆமாம். பொய்தான் எழுதினேன்.

என்ன குறைந்துபோகும் என்று கேட்டாய். கேட்டுக்கொள். துணி விரித்த மறுநாளே, "சின்னவ மடியில படுத்தாப்புல இருக்குடி" என்றாள். சரி, நல்ல துணி, சொல்லட்டும் என்று விட்டேன். அதற்கு மறுநாளும் சொன்னாள். பார்க்க வந்த நர்ஸிடம் சொன்னாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு செஞ்சது, தொட்டுப் பாருங்க" என்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். அப்போது நான் அவள் காலடியில் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். நானும் அவள் பெண்தான் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

அதுகூடப் போகட்டும். முன்பெல்லாம் வலி எடுத்தால், "பெரியவளே, கொஞ்சம் புரட்டிவிடு" என்று கூப்பிடுவாள். அலுத்துக்கொள்வேன், திட்டுவேன், ஆனால் போவேன். உன் துணி வந்த பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். வேளைக்கு நானாகப் போய்ப் புரட்டினால், "என்னடி அவசரம், நல்லாத்தானே இருக்கேன்" என்று தடுத்துவிடுவாள். என்னைத் தேடுகிற ஒரே ஆள் அவள். அந்த ஒரு ஆளையும் நீ அங்கே இருந்தபடியே ஒரு துணியை அனுப்பி வாங்கிக்கொண்டாய். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. உன்னிடம் நல்லவள் வேஷம் போட எனக்குத் தெம்பு இல்லை.

உருவி எடுத்த அன்று, "எங்கடி சின்னவ துணி?" என்றாள். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். தினமும் கேட்டாள். இன்னும் காயவில்லை என்றேன். அவள் ஒன்றும் பைத்தியம் இல்லை. ஒருநாள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நேற்று நர்ஸ் இடது இடுப்பைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தோல் உரிந்திருக்கிறது. காசளவுதான். மருந்து வைத்துக் கட்டியிருக்கிறது, பயப்படாதே. ஆனால் அது தானாக வந்த புண் இல்லை. நான் கொடுத்தது. கட்டும்போது அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்லடி, பரவால்லடி" என்றாள். அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

இழையை மாற்றாதே. பழைய இழையேதான் சரி. தூங்கினாள், உறுத்தவே இல்லை, புண்ணில்லை. இதை ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொல். நான் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றாலும் தருகிறேன்.

எங்களுக்குப் புதிதாக ஒன்று பின்னி அனுப்பு. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். அம்மா படுத்ததை நீயே வைத்துக்கொள், உனக்கும் வேண்டும்தானே.

புதுசு வந்ததும் நானே விரிப்பேன், வழவழப்பான பக்கம் மேலே. பிறகு வாசல் மணி அடிக்கிற எல்லாரையும் அவள் கூப்பிட்டு, சின்னவ செஞ்சது, சின்னவ செஞ்சது என்பாள். சொல்லட்டும். நானும் அங்கேதான் நிற்பேன். அனுப்புடி.

அக்கா