பட்டைத் தொட்டியில் நின்ற கால்கள்

ஜூன் 4, வியாழன்

மேனேஜர் துரை பொய்யர். இன்று காலை ஊர்ஜிதமாகிவிட்டது. வெயில் ஜாஸ்தி, இலை அசையவில்லை.

ஃபுட்பாலில் வாணியம்பாடி டீமை ஜெயித்தால், நம்ம தோல் ஷாப் டீமில் ஆடுகிற எல்லோருக்கும் சுண்ணாம்புக் குழியிலிருந்து விடுதலை, உலர்த்தும் கொட்டகையில் வேலை என்றார். ஜெயித்தோம். இன்று மேஸ்திரி பேர் வாசித்தார். ஃபார்வர்டு ஆடுகிறவர்கள் கொட்டகைக்கு. கோல் கீப்பர் கவுஸ் கொட்டகைக்கு. என் பேர் வரவில்லை.

"மேஸ்திரி, என் பேரு?"

"உன் பேரு எங்கயும் ஓடிப் போவல. குழியிலதான் கீது. எறங்கு."

கோல் போட்டவனுக்கு நிழல். பேக் நின்று தடுத்தாடிய எனக்குச் சுண்ணாம்பு. காரணம் அது மட்டும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து ஒருவனும் இதுவரை கொட்டகை ஏறியதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

பாதம்: இடது கட்டைவிரலுக்குக் கீழே ஓட்டை. வலது குதிகால் வெளுத்து ஊறிக் கிடக்கிறது, தொட்டால் பிய்கிறது. அந்தத் தண்ணீர் மாட்டுத் தோலிலிருந்து மயிரை உதிர்ப்பதற்கு. உள்ளே நிற்பவன் மாடா மனிதனா என்று அது பார்க்காது.

வாங்க வேண்டியவை: விளக்கெண்ணெய், உப்பு, தீப்பெட்டி.

அம்மா தம்பியோடு கோலாருக்குப் போனபின் வீட்டில் பேச்சே கிடையாது. ஒருவனுக்காகச் சோறு வடிப்பது பெரிய தொல்லை. எப்போதும் மிஞ்சுகிறது.

ஜூன் 7, ஞாயிறு

சர்ச் முடிந்து பயிற்சி. ரயில் பாதை ஓரத்துத் திடல். கோச் என்று பேர் மேனேஜருக்கு. குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கற்றுக்கொடுப்பது உதவிக் கோச், இத்தாலி துரை (இனி இ.து.).

இ.து. எங்கள் தோல் ஷாப்பில் மெஷின் பார்க்கிறவர். அவர் ஊரில் பேக். பெரிய டீமாம், ஜனம் காசு கொடுத்துப் பார்க்குமாம். உலகப் பெரிய சண்டைக்கு முன்னும் ஆடினார், பின்னும் ஆடினார். இங்கே வந்து நம்ம டீமிலும் பேக் ஆடினார். போன வருஷம் பழைய காயம் பட்ட முட்டி மடங்கி விழுந்தார். அவர் இடம் எனக்கு வந்தது. அவருக்கு உதவிக் கோச் பட்டம்.

இன்று எனக்குச் சொன்னது: "தாசு, பந்து பாக்காதே. கண்ணு பொய். காலு பொய். இடுப்பு பாரு. இடுப்பு பொய் சொல்லாது."

உண்மைதான். எதிரில் ஓடி வருகிறவன் காலை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் போவான். இடுப்பு முன்கூட்டியே சொல்லிவிடும். இன்று ஒருவனும் என்னைத் தாண்டவில்லை. மேனேஜர் கை தட்டியது கோல் போட்டவனுக்கு.

திரும்பும்போது இ.து.வின் அறை வாசல். தோல் காயப்போடும் கழியில் வெள்ளையாக ஏதோ நூல் நூலாகத் தொங்குகிறது. கவுஸ் பயந்துவிட்டான். "யா அல்லா, எதோட குடலுடா இது?" கிட்டப் போய் முகர்ந்து பார்த்தான். "அட, சேமியாடா! நம்ம ரம்ஜான் சேமியா!" இ.து. வெளியே வந்து சிரித்தார். அவரே மாவு பிசைந்து, அவரே காயவைத்து, அவரே தின்கிறார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருவரும் இருக்கிறோம். அவர் தனியாகச் சாப்பிடுகிறார், நானும். அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிடக் கூடாது.

ஜூன் 9, செவ்வாய்

சனி 20, வேலூரில் மேட்ச். மேனேஜர் இங்கிலீஷில் சொன்னதை மேஸ்திரி தமிழாக்கினார்: "தாசு, வேலூர்ல நல்லா ஆடுனா உன்னியும் கொட்டகைக்கு மாத்துறாராம். இந்தத் தடவ நெசமாம்."

போன தடவை என்னவாம்? கேட்கவில்லை. எனக்கு அந்தக் கொட்டகை வேண்டும்.

ஆனால் இந்தப் பாதத்தோடு? ஊருக்கெல்லாம் பூட்ஸ் தோல் அனுப்புகிற ஷாப்பு, டீம் ஆடுவது வெறுங்காலோடு. ஊறிய பாதம் சரளைக் கல்லில் நிற்காது.

மதியம் கவுஸிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஆவாரம்பட்டைத் தொட்டியைக் கை காட்டினான். "பச்சத் தோலு அதுல ஊறித்தானே பூட்ஸ் தோலாவுது? உன் தோலு மட்டும் ஆவாதா? எறங்கி நில்லு தோஸ்த்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாதபோது இறங்கி நின்றேன். முழங்கால் வரை பழுப்புத் தண்ணீர். ஓட்டை சுருக்கென்றது, பிறகு மரத்துவிட்டது. சுகம்.

ஜூன் 13, சனி

தினமும் நிற்கிறேன். பாதம் இறுகிவிட்டது. செம்பழுப்பு நிறம். சுண்டினால் பலகைச் சத்தம். நெருஞ்சி முள் குத்தியது தெரியவே இல்லை.

கவுஸ்: "தாசு, உன் காலு ஒரு ராத்தல் இன்னா வெல? சென்னைக்கு ஏத்திடலாம்."

பயிற்சியில் பறந்தேன். மிஞ்சிய சோற்றைத் தெரு நாய்க்கு வைத்தேன். அதனிடம் கொஞ்ச நேரம் பேசினேன்.

ஜூன் 14, ஞாயிறு

இ.து. கண்டுபிடித்துவிட்டார்.

பயிற்சி முடிந்ததும் உட்காரச் சொன்னார். என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. ஷாப்பில் வேறு தெருக்காரன் எவனும் என் கையைக்கூடத் தொட்டதில்லை.

பாதத்தை மெல்ல வளைத்தார். நடுவில் கோடு விழுந்தது. கோட்டில் ரத்தம்.

"பட்டைத் தண்ணி?"

"ஆமா துரை."

"எண்ணெய்?"

போடவில்லை. பட்டையில் ஊறிய தோலுக்கு எண்ணெய் ஏற்றாமல் மடக்கினால் வெடிக்கும். ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மாட்டுத் தோலுக்குச் செய்வதை என் தோலுக்கு யோசிக்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். பேண்ட்டைச் சுருட்டித் தன் முட்டியைக் காட்டினார். கோணல்மாணலாக, குறுக்கே நீளத் தையல். அவர் ஊரில் கடைசி மேட்ச். முட்டி வீங்கியிருந்தது. கோச்சுக்குத் தெரியும். டீம் முதலாளி வந்து, ஆள் சரியாக இருக்கிறானா என்று கோச்சிடம் கேட்டார். "கோச் சொன்னான், சரி. நான் போனேன். பெரிய ஆட்டம் முடிஞ்சுது." தரையில் துப்பினார். "அந்தக் கோச், நாய்."

பிறகு: "நான் மேனேஜர்ட்ட பேசுறேன். மூணு வாரம் நீ குழி இல்லே. அப்புறம் ஆடு. வேலூர் வேண்டாம். கொட்டகை நான் கேக்குறேன்."

ஊருக்கு ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். அங்கே யாரும் இல்லையாம். இங்கேயும் யாரும் இல்லை, மெஷின் இருக்கிறது என்றார்.

இன்று ஒரு மனிதனோடு பேசினேன் என்று எழுதிவைக்கிறேன்.

ஜூன் 18, வியாழன்

இடி மட்டும். மழை இல்லை.

இ.து. இன்னும் பேசவில்லை. நேற்றும் குழி, இன்றும் குழி. வெடிப்புக்குள் சுண்ணாம்பு போகிறது. மெஷின் கொட்டகையில் போய் நின்றேன்.

"துரை, சொன்னீங்களா?"

"சொல்றேன், சொல்றேன்." ஸ்பானரிடம்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

மேனேஜர் இரண்டு நாளாக அவரிடம் கத்துகிறாராம். வேலூரில் தோற்றால் உதவிக் கோச்சும் வேண்டாம், இத்தாலிக்காரனும் வேண்டாம் என்றாராம். கவுஸ் காதால் கேட்டது.

ஜூன் 20, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலை, ஆம்பூர் ஸ்டேஷன். ரயிலுக்குக் காத்திருக்கிறோம். துணி சுற்றிய என் காலை மேனேஜர் பார்த்தார். இ.து.விடம் கேட்டார், ஆள் ஃபிட்டா?

நான் இ.து.வைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார், நாம் பேச வேண்டாம் என்று இருந்தேன்.

இ.து. மேனேஜரை நேராகப் பார்த்தார். கண் அசையவில்லை. கால் அசையவில்லை. இடுப்பு மட்டும் ஒரு பக்கம் நகர்ந்தது, ஒருவன் நம்மை ஏமாற்றிப் பந்தை எடுத்துப் போகும்போது நகருமே, அப்படி.

"ஃபிட், சார்."

ஆடினேன். முதல் பாதி தாங்கியது. இரண்டாம் பாதியில் அவர்கள் ஃபார்வர்டு ஒருவன் வந்தான். இடுப்பைப் பார்த்தேன், எந்தப் பக்கம் போவான் என்று தெரிந்துவிட்டது, திரும்பினேன். வலது பாதம் குறுக்கே வெடித்தது. துணி கிழிகிற சத்தம். அவன் தாண்டிப் போய்விட்டான். கோல். அந்த ஒரு கோலில் தோல்வி.

கூட்டத்தில் ஒருவன்: "இன்னாப்பா பேக்கு, கும்புடுறானா, மண்டி போட்டுட்டான்!"

ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கவுஸ் மட்டும் தன் துண்டை நனைத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். இ.து. ஜன்னலோரம். குடியாத்தம் தாண்டும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெறும் பாலாற்று மணல்.

ஜூன் 21, ஞாயிறு

ஜுரம். சர்ச்சுக்குப் போகவில்லை. பாதம் கழுவினேன். தண்ணீர் பழுப்பாகப் போய்ப் பிறகு சிவப்பாக.

மதியம் கவுஸ் வாசலில் நின்று கூப்பிட்டான். வீட்டில் சமைத்த சோறு கொண்டுவந்திருந்தான். முகம் சரியில்லை.

"பேஜாராயிடுச்சு தாசு. நீ கால மறச்சு டீம ஏமாத்திட்டியாம். மேனேஜர் ஆபீஸ்ல எல்லாரையும் நிக்க வெச்சு சொல்ட்டாரு. டீம்ல நீ இல்ல. நாளைக்குக் குழியில எறங்கலன்னா ஷாப்புலயும் இல்ல."

"நான் மறச்சேனா? இத்தாலி துரைக்குத் தெரியுமே! மடியில வெச்சுப் பாத்தாருடா!"

"எனக்குத் தெரியும்டா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"தொப்பியக் கையில வெச்சுக்குனு நின்னுட்டிருந்தாரு."

"நீ?"

கவுஸ் தன் காலைப் பார்த்தான். சுண்ணாம்பு படாத கால். கொட்டகைக்குப் போனதிலிருந்து காய்ந்து நன்றாக இருக்கிறது. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இ.து.வும் பயந்தவர்தான், எனக்கும் புரிகிறது. போக ஊர் இல்லை, மெஷின் ஒன்றுதான். புரிந்துகொண்டதால் என் வெடிப்பு மூடவில்லை.

ஜூன் 22, திங்கள்

சங்கு ஊதிவிட்டது. குழிக்குப் போகவில்லை. மேஸ்திரி கத்தினார், காதில் வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இ.து.வின் அறைக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. மாவுக் கையோடு நின்றிருந்தார். கழியில் பாதி சேமியா தொங்குகிறது, மீதி கையில். என்னைப் பார்த்தார், பிறகு என் காலை. இடுப்பு அசையவில்லை. எந்தப் பக்கமும் போகாமல் நின்றார்.

மேனேஜர் ஆபீஸ் எதிரேதான். அவர் நாற்காலி இங்கிருந்தே தெரியும்.

சொன்னேன்: "உங்க கோச்சை நாய்ன்னு சொன்னீங்க துரை. இப்ப வாங்க. என் கூட வந்து, தாசு கால் வெடிச்சது எனக்கு முன்னாடியே தெரியும்னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."