பழையகாயல் சாலையில் உன் பாட்டில்

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனின் வாசனை. இன்று காலை, பழையகாயலுக்கு முன்னால், சாலையோரம் குந்தி ட்யூபின் மேல் அதைத் தடவினேன். நம் பயணங்களில் பஞ்சர் ஒட்டுவது எப்போதும் நீதான். இருபுறமும் உப்பளம். நீ விழுந்த இடம் இன்னும் கொஞ்ச தூரத்தில்.

என் சைக்கிளில் உன் பாட்டில் இருக்கிறது. நசுங்கிய எவர்சில்வர். நீ போன பிறகு உன் தங்கை கொடுத்தாள்.

அன்று நாம் கன்னியாகுமரிக்குக் கிளம்பியிருந்தோம். சைக்கிளில் போகிறவன் அறை எடுக்கக் கூடாது, தண்ணீர் வாங்கக் கூடாது. அது உன் சட்டம். முள்ளக்காட்டில் ஒரு கடையைப் பார்த்து நான் பிரேக் பிடித்தேன்.

"ஏலே, ஆத்தூர் போனா எங்க ஆத்துத் தண்ணி. ஆத்தங்கரைக்காரன் காசு குடுத்துத் தண்ணி வாங்குனா ஊர்ல சிரிப்பாவ."

சொல்லிவிட்டு, மிச்சமிருந்ததையும் தலையில் கொட்டிக்கொண்டாய். நானும் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தேன்.

எதிர்காற்று. உச்சி வெயில். உப்பின் வெளிச்சம் கீழிருந்து கண்ணைக் குத்தியது. முதலில் உன் பேச்சு நின்றது. பிறகு உனக்கு வியர்ப்பதும் நின்றது. நான் பயந்தேன். கூப்பிடுவதற்குள் சாய்ந்துவிட்டாய்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா தன் கேனோடு ஓடி வந்தாள். "உப்பளத்துல வந்து தண்ணி தேடுதியளே, படிச்ச புள்ளையளா நீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "படிச்சதாலதாங்க்கா."

உன்னைக் கேட்காமல் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தினேன். இரண்டு சைக்கிளையும் ஏற்றினேன். ஆத்தூரில் டாக்டர், குளுக்கோஸ். பிறகு திருச்செந்தூரில் ஏசி அறை.

"இது சைக்கிள் பயணமாலே, மாப்பிள்ள ஊர்வலமா?"

முதலில் கேலிதான். தெம்பு வந்ததும் கோபம். "என் ஒடம்புக்கு நீ என்ன மொதலாளியா?" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

"இனிமே உன் விஷயத்துல வாயத் தொறக்க மாட்டேன்," என்றேன்.

திறக்கவில்லை.

போன மழைக்காலத்தில், போனில் உன் குரல் கம்மியிருந்தது. "காய்ச்சல்தாம்லே. நாலு நாளாச்சு. ஆஸ்பத்திரில படுத்தா பில்லப் போட்டுத் தீட்டிருவான். வீட்லயே கெடக்கேன்."

கெளம்பு, நான் வாரேன். இதுதான் சொல்ல வந்தது. சொன்னால் திட்டுவாய். சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முதுகு நினைவுக்கு வந்தது.

"சரி, உன் இஷ்டம்," என்றேன்.

மூன்றாம் நாள் உன் தங்கை அழைத்தாள்.

நான் வந்திருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

இன்று என்னோடு வந்தவன் அலுவலக நண்பன். பஞ்சர் ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஆத்தூர் வரைக்கும் மிதிச்சிரலாம்," என்றான். எழுந்தவன் தடுமாறினான்.

உன் பாட்டிலை அவன் கையில் கொடுத்தேன். எதிரே வந்த லோடு ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

பயணத்தையே கெடுத்துவிட்டேன் என்று வழி முழுக்கத் திட்டினான். பயந்தாங்கொள்ளி என்றான். இனிமேல் என்னோடு வரப்போவதில்லை என்றான். காலியான உன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, போனில் பேசிய அன்று உன்னிடம் வாங்கியிருக்க வேண்டிய திட்டை, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.