சிக்கனும் அம்மாளும்

2025 பெப்ரவரி 6
வலை நிறையச் சூடை மீன். வீட்டில் பருப்பு! எங்களோடு சில நாள் நிற்க வந்த மச்சாளின் மகள் லக்சாயினிக்கு விடிய முகமெல்லாம் கொப்புளம். கொப்பளிப்பான் என்று வாயால் சொல்லக்கூடாது, அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்லவேண்டும். வாசலில் வேப்பிலை, குசினியில் மீன் சமையல் இல்லை. இரவு பிள்ளை படுத்தது என் மனைவி யசோதராவின் பக்கத்தில். கலியாணம் கட்டி இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

பெப்ரவரி 7
டொக்டர் கேட்டார், "மனிசிக்கு முந்தி சிக்கன்பொக்ஸ் வந்ததோ? வராட்டி வயித்துப் பிள்ளைக்கும் கூடாது."
யசோவுக்கு ஞாபகமில்லை. தம்பலகாமத்துக்கு, மாமிக்குப் போன் அடித்தேன். படித்தவன் மாதிரி டொக்டரின் சொல்லாலேயே கேட்டேன்.
"எப்ப பாத்தாலும் உங்களுக்குப் பகிடி! சிக்கன் ஒண்டும் எங்கட படி ஏறினதில்லை." வைத்துவிட்டா.
மாமி சுத்த சைவம். கோழி சொல்லிச் சீண்டுவது என் வழக்கம்தான்.
வரவில்லையாம் என்றேன். "எதுக்கும் இரத்தம் பாப்பம்," என்றார் டொக்டர்.

பெப்ரவரி 8
லாப்பில் இரத்தம் எடுத்தார்கள். பார்ப்பது பிறபொருளெதிரியாம். பெயரே தொண்டையில் மீன்முள். லாப் பிள்ளை பஹ்மியா விளக்கினா:
"வருத்தம் ஒருக்கா வந்து போனா உடம்பு காவலுக்கு ஆள் வைக்கும், அண்ணன். அந்த ஆள் இரத்தத்தில நிக்கிறாரோ எண்டு பாக்கிறம்."
"சம்பளம் ஆர் குடுக்கிறது?" என்றேன். சிரித்தா.

பெப்ரவரி 9
யசோ வயிற்றில் கையை வைத்தபடியே இருக்கிறாள். அம்மாளே, இந்தப் பிள்ளையைத் தந்திடு. எனக்கு ஒரு பகிடியும் வருகுதில்லை.

பெப்ரவரி 10
"பொசிட்டிவ்," என்றா பஹ்மியா.
கதிரையில் விழுந்தேன். இரத்ததானத்தில் நோய் சோதித்தால் நெகட்டிவ் என்றால்தானே நல்லம் என்பார்கள்? போச்சு — எல்லாம் போச்சு —
"ஐயோ அண்ணன், இதில பொசிட்டிவ் எண்டாத்தான் நல்லம்! காவல்காரர் நிக்கிறார். அக்காவுக்கு எப்பவோ வந்து போயிட்டு. இனிப் பயமில்லை."
வெளியே வந்து மாமிக்குப் போன். "மாமி, யசோவுக்குச் சின்னனில அம்மாள் வந்தவவோ?"
"ஓம், நாலு வயசில. தண்ணி வாத்து அம்மாளை அனுப்பினனாங்கள். இதை முதலே கேட்டிருக்கலாமே! கோழியைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

ஜூன் 24
பெட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறாள். அழுதால் துறைமுகத்துக் கப்பலெல்லாம் திரும்பிப் பார்க்கும். பிள்ளை பார்க்க வந்து நிற்கும் மாமி சொன்னபடி மாரி என்று பெயர். வீட்டுப் பெயர் நான் வைத்தது. அதற்கு மாமி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.
இன்று நான் குசினியில் சூடை பொரிக்கிறேன், அறையிலிருந்து மாமியின் குரல்:
"மருமகன், சிக்கன் அழுகுது. ஓடி வந்து தூக்குங்கோ!"