மாப்பிள்ளைக்கு விட்ட இடம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். பார்வதிபுரத்தில் ஒரு லிஃப்ட் கதவு மூடவில்லை. சென்சாரில் பல்லி. இருபது நிமிட வேலை, வேடிக்கை பார்க்க ஒன்பது பேர்.

ஷீபா அக்கா போனில் ஒரு விளம்பரம் காட்டினாள். திருவனந்தபுரத்தில் கைத்தறிப் புடவைக் கடை தொடங்கும் ஒரு அம்மாள், புடவைகளுக்கு முகம் தேடுகிறார். முப்பது தாண்டியவர்களும் வரலாம். சனி மாலை 5க்குள் அனுப்ப வேண்டியவை:

– முகம் மட்டும், சிரிக்காமல்
– முழு உருவம்
– நடந்து வருவது
– வெளுப்பாக்கக் கூடாது

அக்காவுக்கு 32. கல்யாணம் நின்றுபோன இந்த இரண்டு வருடத்தில் அவளாக ஆசைப்பட்டுக் கேட்கும் முதல் காரியம். கிடைக்காவிட்டால் போகட்டும், ஒழுங்காக எடுத்து அனுப்பினால் போதும் என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

யார் எடுப்பது? வடசேரி ராஜன் அண்ணன் (இனி ரா.அ.). கல்யாணம் தவிர எதுவும் எடுக்காதவர். நின்றுபோன கல்யாணத்துக்கும் அவரைத்தான் சொல்லியிருந்தோம். வேறு ஆள் பார்ப்போம் என்றேன். வேண்டாமாம். தெரிந்தவர் முன்னால்தான் கூச்சம் இருக்காதாம்.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவு. வட்டக்கோட்டை, கோட்டைக்கு வெளியே கடல் பக்கம். பேய்க்காற்று.

ரா.அ. வளையலைத் தொடச் சொன்னார். தரையைப் பார்க்கச் சொன்னார். முந்தானையை விசிறச் சொன்னார். எல்லாம் கல்யாணப் பெண் வேலை. நான் சொன்னேன், கேட்கவில்லை.

'கொஞ்சம் வெக்கப்படு பிள்ளே.'

'யாரப் பாத்துண்ணே?' என்றாள் அக்கா.

அவர் லென்ஸைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

ஜூன் 11, புதன்

படங்கள் வந்தன. 140. அக்கா இரண்டு ஷேடு வெளுத்திருந்தாள். தாடையில் இருந்த மச்சம் காணோம்.

சாயங்காலம் அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேரே ஸ்டுடியோ. மச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கம்ப்யூட்டரில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே செட்டிங். ஒரு அமுக்கில் மொத்தத்துக்கும் பூசிவிடும். அதை எடுத்ததும் மச்சம் வந்தது.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அநேகமாக எல்லாப் படத்திலும் அக்கா இடது ஓரம். வலது பக்கம் வெறும் கடல். தற்செயலா? எண்ணினேன். 140இல் 126. முகம் மட்டும் எடுத்ததிலும் அப்படியே. வெயில் விழுந்த பக்கம் பார்த்தேன், சம்பந்தமில்லை. காற்றும் காரணமில்லை. ஏன்?

ரா.அ.விடமே கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. மூக்கு முட்டத் திரையைப் பார்த்தார்.

'மாப்பிள்ளைக்குள்ள இடம்லா மக்கா அது.'

காலையில் பெண் வீட்டில் பெண்ணைத் தனியாக எடுப்பாராம், மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளையை. ஆல்பத்தில் ஒரே தாளில் சேர்க்க வேண்டும். அதனால் பக்கத்தில் இடம் விட்டே எடுப்பது. வருடக்கணக்காக விட்டு விட்டு, இப்போது கை தானாக விடுகிறது.

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்கு உறைத்தது. திரையை அணைத்தார். எனக்கும் உறைத்தது. கேட்டிருக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்தை வெட்டிவிடலாம் என்றேன். வெட்டினால் முந்தானையும் பாதி போகும் என்றார். அக்கா வெள்ளிக்கிழமை இன்னொரு முறை எடுக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மழை. கோட்டாறில் ஒரு மோட்டார் மாற்றினேன். அந்தக் கை விஷயம் மண்டையிலிருந்து போகவில்லை. நானும் லிஃப்ட் நினைப்பில் வீட்டுக் கதவு மூடும்போதுகூட நாலு எண்ணுகிறேனே, அது போலவா?

போட்டோ எந்த வீட்டாருக்கு அனுப்ப என்று அம்மா விசாரித்தாள். புடவைக்கு என்றாள் அக்கா. 'புடவைக்கு எதுக்குட்டி உன் மூஞ்சி?'

ஜூன் 13, வெள்ளி

வெயில். அதே இடம். கேமரா திரையின் வலது பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், அந்த இடமே தெரியாதபடி. நல்ல யோசனை என்று ரா.அ. பாராட்டினார். பிறகு திரையைப் பார்க்காமல், மேலே உள்ள துளையில் கண்ணை வைத்து எடுத்தார். மறுபடி இடது ஓரம். மூன்று தடவை. கடைசித் தடவை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா சொன்னாள்: 'அண்ணே, நீங்க எப்பவும்போல இடம் விடுங்க. விட்டுட்டு அமுக்கிட்டே இருங்க.'

விட்டார். ஒரு நொடி ஓரத்தில் நின்றாள். பிறகு அந்த இடத்துக்குள் நடந்தாள். பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வேகம். கொசுவம் கையில், முடி முகத்தில். ரா.அ. ஊர்வலம் எடுப்பது போல நிறுத்தாமல் அமுக்கினார்.

'இன்னும் ஒருக்க நடக்கியா பிள்ளே?'

'வேண்டாம்ணே. கிட்டியாச்சு.'

மற்ற இரண்டும் பத்து நிமிடத்தில். இந்த முறை நடுவில் நிறுத்தி எடுத்தார். எப்படி என்று கேட்டேன். தெரியவில்லை என்கிறார்.

ஜூன் 14, சனி

அம்மா போனில் நடக்கிற படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரை வெட்டியாகிவிட்டதா என்று கேட்டாள்.

'யாரும் நிக்கலம்மா. நான்தான் அங்கோட்டு நடந்தேன்.'

அந்தப் புடவைக்கு இஸ்திரி போட்டது தான்தான் என்றாள் அம்மா.

4.20க்கு அனுப்பினோம்.

6.50க்குப் பதில். செவ்வாய் 10 மணிக்கு நேரில் வரவும், புருவம் திருத்த வேண்டாம். அக்கா மூன்று முறை படித்துவிட்டு, என்னையும் படிக்கச் சொன்னாள். துணைக்கு யார் என்றாள் அம்மா. தனியாகப் போவாளாம்.

செவ்வாய் காலை வடசேரியில் 6.15 பஸ். ஸ்டாண்டில் நான் கொண்டு விட வேண்டும். பைக் பின் டயரில் காற்று இல்லை.