இரண்டு பை ரத்தமும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 3

பெரிய டாக்டர் மறைக்கிறார்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து; இரண்டு முறை முடிந்தது. இன்று ஹீமோகுளோபின் 6.4; பதிமூன்றாவது இருக்க வேண்டும். "ரெண்டு பை ரத்தம் ஏத்தணும், கையெழுத்துப் போடுங்க" என்று படிவத்தை என் கையில் திணித்தார். இந்த மருந்து எடுக்கும்போது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் சீக்கிரம் போய்விட்டதாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்திருந்தேன். கேட்டேன்.

"கண்டதையும் படிக்காதீங்க." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்பாவின் பட்டறை முதலாளி வீட்டுப் பெண் கேட்டிருந்தால் இப்படி விரட்டியிருப்பாரா? முப்பது வருஷம் மூக்கில் கைக்குட்டை கட்டி லாரிக்குப் பெயின்ட் அடித்தவரின் மகள்தானே நான்.

படிவத்தைப் பைக்குள் போட்டேன். அப்பாவிடம், "நாளைக்கு வரச் சொன்னாங்க" என்றேன்.

மார்ச் 4

போகவில்லை.

மார்ச் 5

கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும். நடுவில் அக்கா ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள். அப்பா அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.

"டாக்டரம்மா, அப்பா முகத்தைப் பாருடி! வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு" என்று அக்கா குத்தினாள்.

"ஏத்தி ஏதாவது ஆயிட்டா? நீ பொறுப்பா?"

கத்திவிட்டேன். அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ? — சே.

மார்ச் 6

சின்ன டாக்டரை மாடிப்படியில் மடக்கினேன். என் வயதுதான் இருக்கும். பாவம், கையில் பாதி தின்ற பிஸ்கட். அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டேன்.

"ரத்தம் ஏத்துனதால மோசமாகுதா, இல்ல மோசமா இருக்கறவங்களுக்குத்தான் ரத்தமே தேவைப்படுதா? யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியலங்க. ஆனா 6.4ல சும்மா விட்டா இதயம் தாங்காது."

"இதைச் சொல்றதுக்குப் பெரிய டாக்டருக்கு என்ன?"

"வெளிய அறுபது பேர் உக்காந்திருக்காங்க. சரி, உங்கப்பா என்ன சொல்றார்?"

அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்தால், நான் விட்டுப்போன பையிலிருந்து எடுத்த படிவம் அப்பா மடியில். கோணல்மாணலாக அவர் கையெழுத்து.

"எல்லாம் கேட்டுச்சு. சுவரென்ன இரும்பா? டாக்டர் உன்கிட்ட மறைச்சாரு, நீ என்கிட்ட மறைச்ச. மூச்சு யாரோடதும்மா?"

மார்ச் 7

இரண்டு பையும் ஏறியது. முதல் பை முடிந்ததும் அப்பா நர்ஸிடம், "ஒரு கோட் பெயின்ட் அடிச்சாச்சு, காயவிட்டு அடுத்தது அடிங்க" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

மார்ச் 9

ஸ்டூலைத் தாண்டிப் போனார். அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

மார்ச் 20

பட்டறை வரைக்கும் நடந்தாராம். "கைக்குட்டையா கட்டியிருக்க? முதலாளிகிட்ட மாஸ்க் கேளுடா, கெஞ்சாத" என்று அங்கே ஒருவனைத் திட்டிவிட்டு வந்திருக்கிறார். அப்பாவுக்காக நான் ஒருநாளும் அந்த முதலாளியிடம் போய்க் கேட்டதில்லை. இந்த டைரியில் எழுதிக் கிழித்ததோடு சரி.

ஏப்ரல் 21

ஸ்கேன். கட்டி வளர்ந்திருக்கிறது. இம்யூனோதெரபியை நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரத்தத்தாலயா? நீ நாலு நாள் இழுத்தடிச்சதாலயா? இல்ல எப்படியும் இதுதானா?"

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பைக்குள் போட்டேன்.

"நீதானே படிச்சவ. இந்தத் தடவை மறைக்காம சொல்லு."