மேலவீதிக் கல்யாணத்துக்கு ஒரு மூக்கு

கடலூர், மஞ்சக்குப்பம்
மார்கழி

என் வீட்டு அதிகாரிக்கு,

இதை நீயே எழுத்துக் கூட்டிப் படி. பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

சுரம் விட்ட பிறகும் தங்கச்சி வீட்டில் என்ன ஓய்வு என்று கேட்டிருக்கிறாய். மார்கழியில் கல்யாணம் ஏது? கல்யாணச் சமையற்காரன் சும்மா இருந்தால் தொப்பை வளரும் என்பது உன் கவலை. வளரவில்லை, வந்து அளந்து பார். தினமும் இங்கே நான்தான் சமையல். ரசம் நுரை கட்டுவதையும் கடுகு அடங்குவதையும் காதாலேயே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன்.

நேற்று தங்கச்சி கொல்லையிலிருந்து ஓடி வந்தாள். "அண்ணே, பருப்பு கருகித் தெருவே நாறுது! பக்கத்துலயே குந்திக்கினு பாட்டுப் பாடுறியே!"

"உன் பாத்திரம் அப்படி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சுரத்துல மூக்கு போயிடுச்சா? அண்ணிக்குத் தெரியுமா?"

இப்போது தெரிந்துவிட்டது.

சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது. வாசனையில்தான் உப்புப் பார்ப்பேன். தையில் சிதம்பரம் மேலவீதிக் கல்யாணத்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கியாயிற்று. இந்த ரேஷன் காலத்தில் ஓர் அண்டா சாம்பார் கெட்டால் மறுபடி வைக்கப் பருப்புக் கிடைக்காது. அதன் பிறகு என்னை எவன் கூப்பிடுவான்?

கோட்டடுப்புப் பக்கம் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று உன்னை விரட்டுகிறவன் நான்தான். தையில் நீ என் பக்கத்திலேயே நில். உப்புக் குறைந்த வாசனை வந்தால் சத்தமாகத் திட்டு. வழக்கம்தானே, யாருக்கும் சந்தேகம் வராது.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்