நீலப் பெட்டி திரும்ப வந்தது

கூட்டாளி,

நீலப் பெட்டி மறுபடியும் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. செரண்டாவில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளே என் மகள், அவள்தான் கைப்பேசியில் பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறாள். என் பிறந்தநாளுக்காம். கூரியர்காரர் நேற்று மத்தியானம் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அதே நீலம், அதே வெள்ளை எழுத்து, அதே மூலையில் அதே சின்னம்.

பிரித்துப் பார்த்தேன். குறடு, கத்தி, ஸ்குரு டிரைவர், டின் ஓப்பனர் எல்லாம் ஒன்றாக மடிந்து உள்ளங்கையில் அடங்கும் அதே சாமான்தான். ஆனால் எடையே இல்லை. குறட்டை விரித்தால் கைப்பிடி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஆடுகின்றன. பிளாஸ்டிக் வாடை வேறு. உன்னுடையதில் தையல் மிஷின் எண்ணெய் வாசம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி கொதிக்கும்போது நீ வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சொட்டு விடுவாய். உன் பெண்சாதி, “அதுக்குப் பண்ற சேவையில பாதி எனக்குப் பண்ணலாம்லா” என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

நாம் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குப் போனேன், நீ ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் புக்கிட் ரோத்தான் ஹார்ட்வேர் கடையில் நீ வாங்கியது அந்த நீலப் பெட்டி. அன்றிலிருந்து அது உன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. உன் கல்யாணத்தில் பட்டு வேட்டிக்கு மேல் அதன் தோல் உறையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாயே, உன் அண்ணன் பிடுங்கி ஒளித்து வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

சபாக் போகிற சாலையில் ஒருநாள் என் லோரி நின்றுவிட்டது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஆவி பறக்கிறது, பின்னால் குலைகள் வெயிலில் காய்கின்றன, வேலையை மேய்க்கிற மண்டோர் போனில் திட்டுகிறார். நீ மோட்டார் சைக்கிளில் வந்தாய். ஹோஸின் கிழிந்த முனையைக் கத்தியால் அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளாம்பை முடுக்கினாய். நான் சிகரெட் பற்றவைத்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

“டேய், வெல கம்மிதான். ஆனா ஏமாத்த மாட்டான்” என்றாய். நீயே அந்தக் கம்பெனியை நடத்துகிற மாதிரி ஒரு பெருமை.

அந்தச் சாமானைப் பார்க்க நான் கையை நீட்டினேன். நீ கையில் கொடுக்காமல் லோரியின் படியில் வைத்தாய். “கத்தியைக் கையில குடுத்தா சண்டை வரும்லா, எடுத்துக்க” என்றாய். நமக்குள் வராத சண்டையா என்று கேட்டுக்கொண்டே எடுத்தேன்.

உன் வாய்க்கு அப்போது ஒரு மதிப்பு இருந்தது. காற்றாடி வாங்க வேண்டுமா, கிரைண்டர் வாங்க வேண்டுமா, எங்கள் வரிசையில் யாரும் கடைக்குப் போகுமுன் உன்னிடம்தான் வருவார்கள். “இத வாங்கு, அத தொடாத” என்று நீ சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. உன்னால் அந்த நீலப் பெட்டி எத்தனை பேர் இடுப்பில் ஏறியது! ஹார்ட்வேர் கடைச் சீன முதலாளி, நம் தவுக்கே, உன்னைக் கண்டாலே உனக்கு ஐஸ் கோப்பி சொல்லுவார்.

அந்த மதிப்பை நம்பித்தான் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றாய். திருவிழாவில் உழைத்த தொண்டர்களுக்கு வருடா வருடம் ஒரு துண்டு போர்த்துவார்கள். “வீட்ல தொடைக்கிற துணியா கெடக்குது. இந்தத் தடவை ஒழைக்கிற கைக்கு ஒழைக்கிற சாமான் குடுப்போம். ஆயுத பூசைல அம்மன் முன்னால வெச்சுக் குடுப்போம். நான் சொல்றேன்ல, சாமான் தரமா இருக்கும்” என்றாய். தலைவர் யோசிக்கவே இல்லை. நீ சொன்னாயே, அது போதும்.

பெட்டிகள் வந்திறங்கின. அட்டைப்பெட்டியைத் தூக்கியபோது எடை குறைவாகப் பட்டது எனக்கு. “ஒண்ணப் பிரிச்சுப் பாக்கலாம்டா” என்றேன். நீ முறைத்தாய்.

“அம்மனுக்கு வெக்கிற சாமான். பூசைக்கு முன்னாடி எவனாச்சும் புழங்குவானா? எச்சில் பண்ண சோத்தப் படைக்கிற மாதிரி ஆயிடும். இருவது வருஷமா தெரியாதா எனக்கு இந்தப் பெட்டிய?”

நீ சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் புதுப் பாத்திரத்தைக்கூட அப்படித்தான் வைப்போம். பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் நீயே வைத்தாய். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு உன் கையைக் குலுக்கினார்கள். அன்றைக்கு உன் முகம் இருந்த அழகை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த வாரம் பூசைக்குப் போட்ட கூடாரத்தைப் பிரித்தபோது தெரிந்துவிட்டது. சமையல்கட்டில் பால் டின்னைத் திறக்கப்போன ஓர் அக்காவுக்கு ஓப்பனர் வெற்றிலை மாதிரி வளைந்தது. கம்பியை நறுக்கிய ஒருவனுக்குக் குறட்டின் வாய் உடைந்து தெறித்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தொண்டர்களில் ஒருவனான லெட்சுமணன் நைலான் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். விரித்த கத்தியைப் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்னத் தகடு நழுவி, கத்தி அவன் ஆள்காட்டி விரல் மேலேயே மடிந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். தையல் போட்டு வெளியே வந்த லெட்சுமணன், “பரவால்லண்ணே, வெரல் இருக்குல்ல” என்றான். நீ உன் இடுப்பிலிருந்த உறையைக் கழற்றி பெஞ்சில் அவன் பக்கத்தில் வைத்தாய்.

“என்னண்ணே இது? இது நல்லதுதான? நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நல்லதுதான்டா. அதான் பிரச்சன. இது என் இடுப்புல இருந்தா பாக்கறவன்லாம் இதையே போய் வாங்குவான்.”

பிறகு வீடு வீடாகப் போய், கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கினாய். ஒவ்வொரு வாசலிலும் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டாய். சிலர் “விடுங்கண்ணே” என்றார்கள். சிலர் உன் முதுகுக்குப் பின்னால் உனக்கு நீலப் பெட்டி என்றே பெயர் வைத்தார்கள். கம்பெனியின் பெயரை எப்போதோ யாருக்கோ விற்றுவிட்டார்களாம், இப்போது எங்கேயோ யாரோ செய்கிறார்களாம். தவுக்கே தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். பெட்டியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள், படுபாவிகள். நம்பியவன் பெட்டியைத்தானே பார்ப்பான்?

எனக்கு வலித்தது அதுவல்ல. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் நீ, “எனக்குத் தெரியாது, கடைல கேட்டுக்க” என்று சொல்ல ஆரம்பித்தாய். வாழைப்பழம் வாங்கினால்கூட அபிப்பிராயம் சொல்லாமல் விடாதவன் நீ. என் மகளுக்கு மோட்டார் வாங்கும்போது எது நல்லது என்று உன்னிடம் கேட்டேன். “நீயே பாருடா” என்றாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன வருடம் நெஞ்சுவலி வந்து நீ போகும்வரை அந்தப் பழைய வாய் திரும்பவே இல்லை. மரணம் வந்து உன்னைக் கொண்டுபோனது, சரி, வயசாகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். உன் சொல்லைக் கொண்டுபோனவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னை அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உன் கருமாதி முடிந்த அன்று லெட்சுமணன் வந்தான். விரலில் தழும்பு அப்படியே இருக்கிறது. உன் தோல் உறையை என் மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். “அண்ணனோடது. ஒங்ககிட்டதான் இருக்கணும்” என்றான். அவன் ஒருநாளும் அதை வெளியில் கட்டவில்லையாம். எண்ணெய் மட்டும் விட்டு வந்திருக்கிறான். நான் கட்டிக்கொண்டேன். உன் ஆலைக்காலம் முழுக்க உன் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து, கைப்பிடியிலிருந்த எழுத்தும் சின்னமும் சுத்தமாக அழிந்துபோயிருக்கின்றன.

மகள் அனுப்பியதைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவளிடம் நல்லா இருக்கும்மா என்றுதான் சொன்னேன், வேறென்ன சொல்வது? இந்த வருடம் ஆயுத பூசைக்கு உன்னுடையதை வைப்பேன்.

இன்று காலை ஹார்ட்வேர் கடை வாசலில் ஓர் அட்டைப்பெட்டியின் கட்டுக்கயிற்றை உன் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பக்கத்தில் நின்ற ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன பிராண்டுண்ணே இது? நம்பி வாங்கலாமா?”

நான் அதை மடித்து உறைக்குள் போட்டேன்.

“பிராண்டு அழிஞ்சு போச்சு தம்பி. இது என் கூட்டாளியோடது. அவன நம்பலாம்.”